முகம் ஒருபக்கம் கோணினால் முதலில் சட்டையைக் கழற்றிப் பாருங்கள்

அமெரிக்காவின் வடகிழக்கில் புதிதாகக் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு

ஜூன் மாதத்தின் கடைசி வாரம். நாலரை வயதுப் பெண் குழந்தை ஒன்றை அவளுடைய அப்பா தோளில் போட்டுக்கொண்டு வந்தார். காலையில் பால் குடிக்கும்போது இடது கடைவாய் வழியாகப் பால் ஒழுகியிருக்கிறது. விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று பாட்டி அதட்டியிருக்கிறார். குழந்தை அழத் தொடங்கியபோதுதான் வீடே கலங்கிப்போனது. வாய் வலது பக்கமாக இழுத்துக்கொண்டது. இடது கண் மூடவில்லை; கருவிழி மேலே செருகி, வெண்விழி மட்டும் தெரிந்தது.

பக்கவாதம் என்று முடிவுகட்டி நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் குழந்தையின் நெற்றியைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், கை கால்களைப் பார்த்தேன். பிறகு, “பாப்பாவைத் தினமும் குளிப்பாட்டுவது யார்?” என்று கேட்டேன். அம்மா பாட்டியைக் காட்டினார். பாட்டி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மூன்று வாரத்துக்கு முன்னால் எண்ணெய் தேய்க்கும்போது பின்கழுத்தில், முடிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம் இருந்தது டாக்டர். அரிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். படர்தாமரைதான் என்று தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினேன். தானாகவே மறைந்துவிட்டது.”

நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்தப் பாட்டிதான். சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது முதுகில் இன்னும் இரண்டு நீள்வட்டங்கள் மங்கலாகத் தெரிந்தன. பரிசோதனை முடிவு வர மூன்று நாள் ஆனது. மருந்தை அன்று மாலையே தொடங்கிவிட்டோம்.

நான் கனெக்டிகட் மாநிலத்தில் குழந்தைகள் நல மருத்துவராக இருக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் இப்படி ஒரு தமிழ்க் குடும்பமாவது என்னிடம் வருகிறது. வந்து சில மாதங்களே ஆனவர்கள். இந்த ஊரின் புல்லில் இருக்கும் உண்ணியைப் பற்றியும், அது கடித்து வந்து முகத்தைக் கோண வைக்கும் லைம் நோயைப் பற்றியும் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊர் நோய்

1975ஆம் ஆண்டு, கனெக்டிகட்டில் லைம் என்ற சிற்றூரிலும் அதன் அக்கம்பக்கத்திலும் பல குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்கியது. ஒரு தெருவில் இத்தனை குழந்தைகளுக்கு மூட்டுவாதம் வருவது இயல்பில்லை என்று சுகாதாரத் துறையிடம் போய் நின்றவர்கள் இரண்டு தாய்மார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் அதை ஆராய்ந்தார். நோய்க்கு ஊரின் பெயரே வைக்கப்பட்டு லைம் நோய் ஆனது. காரணமான சுருள் வடிவக் கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் அடையாளம் கண்டு, 1982இல் அந்தச் செய்தி வெளியானது. கிருமிக்கு பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று அவர் பெயரையே சூட்டினார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டின்படி இன்று அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் இந்த நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மெய்னிலிருந்து வர்ஜீனியா வரையிலான வடகிழக்குப் பகுதியிலும், விஸ்கான்சின், மினசோட்டா பக்கத்திலும் வாழ்கிறவர்கள்.

கிருமியைக் கொண்டுவருவது உண்ணி. நம் ஊரில் உண்ணி என்றால் நாய் காதிலும் மாட்டு மடியிலும் மொச்சைக்கொட்டை போல ஊதிக்கிடப்பது. இங்கே குழந்தைகளுக்கு நோயைக் கொடுப்பது பெரும்பாலும் மான் உண்ணியின் இளம் பருவம். அது கசகசா அளவுதான் இருக்கும். பறக்காது, குதிக்காது. புல் நுனியிலும் உதிர்ந்த இலைக் குப்பையிலும் காலை நீட்டிக் காத்திருந்து, உரசிப்போகிறவர்மேல் ஏறிக்கொள்ளும். மே முதல் ஜூலை வரை அதன் காலம். கடி வலிக்காது, அரிக்காது. அதனால்தான் “உண்ணி எதுவும் கடிக்கவில்லையே” என்று பெற்றோர் உறுதியாகச் சொன்னாலும் நான் அதை வைத்து முடிவெடுப்பதில்லை. இந்த நோய் வந்தவர்களில் பலருக்குக் கடிபட்டதே தெரியாது.

முதல் வேலை: ஆம்புலன்ஸா, காரா?

முகம் கோணியதைக் கண்டவுடன் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சில விஷயங்களைப் பாருங்கள். குழந்தை இரண்டு கையையும் சமமாக உயர்த்துகிறதா? நேராக நடக்கிறதா? பேச்சு வழக்கம்போல இருக்கிறதா? கூப்பிட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்கிறதா? ஒரு பக்கக் கையோ காலோ தளர்ந்திருந்தால், பேச்சு குழறினால், வலிப்பு வந்தால், எழுப்ப முடியாத மயக்கம் இருந்தால், தலையில் அடிபட்டிருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் 911ஐ அழையுங்கள். கழுத்தை மடக்க முடியாமல் காய்ச்சலும் கடும் தலைவலியும் வாந்தியும் இருந்தாலும் அப்படியே.

தோலிலும் ஒரு அவசரம் உண்டு. குண்டூசித் தலை அளவுச் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தெரிந்தால், கண்ணாடித் தம்ளரின் பக்கவாட்டை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மறைகிற தடிப்பு வேறு. அழுத்தியும் மறையாத புள்ளி தோலுக்குள் கசிந்த இரத்தம். காய்ச்சலோடு அது இருந்தால் உயிருக்கு ஆபத்தான கிருமித் தொற்றாக இருக்கலாம். நம் நிறத்துக் குழந்தைகளிடம் முதுகிலும் கையிலும் இது தெளிவாகத் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் பாருங்கள்.

இவை எதுவும் இல்லை, முகம் மட்டும்தான் கோணியிருக்கிறது என்றால், உங்கள் குழந்தை மருத்துவரின் அலுவலகத்தை உடனே அழைத்து அன்றே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். இரவானாலும் அந்த எண்ணில் பெரும்பாலும் ஒரு செவிலியராவது பேசுவார். அன்று இடம் கிடைக்காவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய்விடுங்கள். நாளைக்குத் தள்ள வேண்டாம்.

நெற்றி சொல்லும் செய்தி

மூளையில் கோளாறா, முகத்துக்கு வரும் நரம்பில் கோளாறா என்று பிரித்துக் காட்டுவது நெற்றி. நெற்றியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டாலும் நெற்றி சுருங்கும், கண் மூடும். வாய் மட்டும் கோணும். காதுக்குப் பின்னாலிருந்து வரும் ஏழாம் கபால நரம்பு பாதிக்கப்பட்டால் அந்தப் பக்கத்து நெற்றி, கண், வாய் மூன்றும் சேர்ந்தே செயலிழக்கும். இதைத்தான் முகவாதம் என்கிறோம்.

பெரியவர்களிடம் “புருவத்தைத் தூக்குங்கள்” என்று சொல்லிப் பார்த்துவிடலாம். மூன்று வயதுக் குழந்தை கேட்காது. விளையாட்டாகத்தான் பார்க்க வேண்டும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி மேற்கூரையில் இருக்கும் பொம்மையைத் தேடச் சொல்லுங்கள்; நெற்றியில் இரண்டு பக்கமும் கோடு விழுகிறதா? ஒரு மெழுகுவத்தியை ஏற்றி ஊதி அணைக்கச் சொல்லுங்கள். காற்று ஒருபக்கமாக ஒழுகுகிறதா? “கண்ணாமூச்சி, இறுக்கி மூடிக்கொள்” என்று சொல்லுங்கள். ஒரு கண்ணின் இமைமுடிகள் உள்ளே புதைந்து மறைய, மறு கண்ணில் அவை முழுதாக வெளியே தெரிகின்றனவா? எதுவும் நடக்காவிட்டால் அழும்போது கவனியுங்கள். வாய் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அது நல்ல பக்கம். பல பெற்றோர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, இழுக்கிற பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் கைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் குழந்தை கல்லைப் போல உட்கார்ந்துவிடும். நீங்கள் எடுத்த பதினைந்து விநாடிப் படம் அங்கே பெரிய உதவி. பழைய படங்களையும் ஒருமுறை புரட்டுங்கள். பிறந்ததிலிருந்தே அழும்போது வாய் ஒருபக்கம் இறங்குகிற குழந்தைகள் உண்டு. அது வேறு கதை, பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டு பக்கமும் சேர்ந்து தளர்ந்தால் முகம் கோணாது. “நாலு நாளாகச் சிரிக்கவே மாட்டேன் என்கிறாள், முகம் பொம்மை மாதிரி இருக்கிறது” என்றுதான் வீட்டார் சொல்வார்கள். இப்படி இரண்டு பக்கமும் தளர்வதற்கு இந்த வட்டாரத்தில் முதலில் நினைக்க வேண்டிய காரணம் லைம் நோய். கை கால் தளர்ச்சியும் சேர்ந்திருந்தால் கில்லன்-பாரே என்ற நரம்பு நோயையும் சேர்த்து யோசிக்க வேண்டும், அது அவசரம்.

தோலைத் தேடுதல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் உடைகளை முழுவதும் களைந்துவிட்டு, பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் நிறுத்திப் பாருங்கள். தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பாருங்கள். பின்கழுத்து, காதுமடலின் பின்புறம், அக்குள், தொப்புள், இடுப்பில் எலாஸ்டிக் பதியும் கோடு, தொடை இடுக்கு, பிறப்புறுப்பைச் சுற்றி, முழங்காலின் பின்மடிப்பு, டயப்பர் கட்டும் குழந்தையானால் அதன் விளிம்பு. சூடும் ஈரமும் உள்ள மடிப்புகளைத்தான் உண்ணி தேடிப்போகும். குழந்தைகளுக்குத் தலையிலும் கழுத்திலும் அதிகம் கடிக்கும்.

தேடுவது இதைத்தான்: கடித்த 3 முதல் 30 நாளுக்குள், பெரும்பாலும் ஒரு வாரத்தில், கடித்த இடத்தில் தோன்றி நாளுக்கு நாள் விரிகிற தடம். தட்டையாக இருக்கும், தொட்டால் சற்றுச் சூடாக இருக்கலாம். வலியோ அரிப்போ பெரிதாக இருக்காது. 5 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்தால் சந்தேகம் வலுக்கும். இங்கே புழங்கும் குவார்ட்டர் நாணயம் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் இந்தத் தடம் வருகிறது. மீதிப் பேருக்கு வருவதில்லை, அல்லது யார் கண்ணிலும் படுவதில்லை.

சுவரொட்டிகளில் அம்பு எய்யும் இலக்குப் பலகையைப் போல, நடுவில் சிவப்பும் சுற்றி வெளுப்பும் மறுபடி சிவப்பு வளையமுமாகப் படம் போட்டிருப்பார்கள். அந்தப் படம் பலரை ஏமாற்றியிருக்கிறது. பெரும்பாலான தடங்கள் நடுவில் வெளுக்காமல் ஒரே நிறமாகத்தான் இருக்கும். அந்தப் படங்களில் இருப்பதும் பெரும்பாலும் வெள்ளைத் தோல். மாநிறத்திலும் கறுப்பிலும் அது ரோஜாச் சிவப்பாகத் தெரியாது. அடிபட்ட கன்றல் போலவும், ஊதா கலந்த பழுப்பாகவும், சில வேளை சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே கருத்த நிழல் போலவும் தெரியும். கறுப்பின மக்களுக்கு இந்த நோய் தடம் தெரியும் கட்டத்தில் பிடிபடாமல், மூட்டும் நரம்பும் பாதிக்கப்பட்ட பிறகே அதிகமாகப் பிடிபடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் குழந்தைகளுக்கும் அதே ஆபத்து உண்டு. மருத்துவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு “ஒன்றும் தெரியவில்லை” என்றால், விளக்கைச் சாய்வாகப் பிடித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. நானே பலமுறை இரண்டாம் பார்வையில்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

கிருமி இரத்தத்தில் பரவிவிட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் உடலெங்கும் தோன்றும். முதல் தடத்தைவிடச் சிறியவையாக, மங்கலாக, ஒரு நாள் தெரிந்து மறுநாள் மறைபவையாகவும் இருக்கும். முகவாதம் வருவது இந்தக் கட்டத்தில்தான், கடித்துச் சில வாரங்கள் கழித்து. அதனால் முகம் கோணும் நாளில் முதல் தடம் மறைந்து போயிருக்கலாம். குளிப்பாட்டுகிறவரை, உடை மாற்றிவிடுகிறவரை, பகல் காப்பகத்து ஆசிரியரைக் கேட்கச் சொல்வது இதனால்தான். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். தொலைபேசி வழியாக இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். வயதானவர்கள் சொல்வதைப் பேரனோ மருமகனோ சுருக்கிச் சொல்லும்போது, தேவையான அந்த ஒரு வரி பெரும்பாலும் விழுந்துவிடுகிறது.

தடம் தெரிந்தால் அதன் விளிம்பைப் பேனாவால் வரைந்து, பக்கத்தில் நாணயம் வைத்து, தேதியோடு படம் எடுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா பாருங்கள். கொசுக்கடியும் வண்டுக்கடியும் சில மணி நேரத்தில் வீங்கி அரித்து இரண்டு நாளில் வடியும். படர்தாமரை அரிக்கும், அதன் விளிம்பு செதில் செதிலாக, சற்று மேடாக இருக்கும், விரிவதற்கு வாரங்கள் எடுத்துக்கொள்ளும். ஒவ்வாமைத் தடிப்பு ஓரிடத்தில் எழுந்து சில மணி நேரத்தில் அடங்கி வேறிடத்தில் எழும். லைம் தடம் எழுந்த இடத்திலேயே நின்று, ஓசையில்லாமல் நாள்தோறும் விரியும்.

காதுக்குள் அக்கி

முகவாதத்தோடு வருகிற எல்லாத் தோல் மாற்றமும் லைம் என்று நினைத்துவிடக் கூடாது. காதுமடலின் குழிவிலும் காதுத் துவாரத்திலும் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக இருந்து, காதில் குத்துவலியும் இருந்தால் அது அக்கி. சின்னம்மைக் கிருமி நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்து மறுபடி கிளம்புவது. இதை 1907இல் விளக்கமாக எழுதிய ஜேம்ஸ் ராம்சே ஹண்ட்டின் பெயரால் மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். நாக்கிலும் மேலண்ணத்திலும்கூடக் கொப்புளம் இருக்கலாம். குழந்தைகளுக்கு முகம் கோணிச் சில நாள் கழித்துக் கொப்புளம் வருவதும் உண்டு. ஆகவே முதல் நாள் காதில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு வாரம் தினமும் பாருங்கள். இதற்கு அசைக்ளோவிர் என்ற மருந்தும், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். தாமதித்தால் கேட்கும் திறனும் போகலாம். ஊரில் அக்கிக்குக் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காதுக்குள் வந்த அக்கிக்கு முதல் மூன்று நாள் மிகவும் விலைமதிப்பானது. அதை வேறெதிலும் செலவழிக்க வேண்டாம்.

காதில் சீழ் வடிந்தால், காதுக்குப் பின்னால் எலும்பு வீங்கி மடல் முன்னால் தள்ளியிருந்தால், காது நோயே நரம்பை அழுத்துகிறது. அதுவும் அன்றே பார்க்க வேண்டியது. ஐந்து நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு, உடலில் தடிப்பு, வீங்கிய விரல் ஆகியவை இருந்தால் அது இரத்தக் குழாய்கள் அழலும் கவாசாகி நோயாக இருக்கலாம். கைக்குழந்தைகளுக்கு இதில் அபூர்வமாக முகவாதம் வரும். அப்படி வந்தால் இதய இரத்தக் குழாய்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெளிறிய முகம், காரணமில்லாத கன்றல்கள், மறையாத புள்ளிகள், வாரக்கணக்கில் சோர்வு என்றால் இரத்தப் புற்றுநோயா என்று பார்த்துவிட வேண்டும். இது மிக அபூர்வம். ஆனாலும் ஸ்டீராய்டு கொடுத்தால் அந்த நோயின் தடயமே சில நாள் மறைந்துவிடும். சந்தேகத்துக்கு இடமிருக்கும்போது, முதல் வேளை ஸ்டீராய்டுக்கு முன்பே இரத்த அணுக்களை எண்ணிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மருத்துவமனையில் என்ன நடக்கும், என்ன கேட்கலாம்

இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். குழந்தைகளுக்கு அழுத்தம் மிகுந்தாலும் முகவாதம் வரும். பார்க்காவிட்டால் கேளுங்கள். காதுக்குள் விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். லைம் சந்தேகம் இருந்தால் இசிஜி எடுப்பது நல்லது, ஏனென்றால் இந்தக் கிருமி இதயத்தின் மின்னோட்டத்தைத் தடுக்கக்கூடியது. குழந்தைக்குத் தலைசுற்றலோ மயக்கமோ படபடப்போ வந்திருந்தால் அதைக் கேட்காமலே சொல்லுங்கள்.

இரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அந்த எதிர்ப்பொருள் உருவாக இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் தடம் மட்டும் புதிதாக வந்திருக்கும் நாளில் பரிசோதனை பெரும்பாலும் நோய் இல்லை என்றே சொல்லும். அந்தக் கட்டத்தில் தடத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்வதே போதும். இரத்தம் எடுக்கவே தேவையில்லை. முகம் கோணும் நேரத்தில் பெரும்பாலானவர்களுக்கு எதிர்ப்பொருள் வந்திருக்கும். பரிசோதனை இரண்டு படிகளில் நடக்கும். முதல் படியில் நோய் உண்டு என்று வந்தால் இரண்டாவது படியில் அதை உறுதி செய்வார்கள். நோய் இல்லை என்று வந்தும் சந்தேகம் தீராவிட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லலாம்.

முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டுமா என்ற கேள்விதான் பெற்றோரை அதிகம் பயமுறுத்துகிறது. கடும் தலைவலி, கழுத்து இறுக்கம், வாந்தி, வெளிச்சம் கூசுதல் இருந்தால் எடுக்கலாம். முகவாதத்தைத் தவிர வேறு தொந்தரவே இல்லாத குழந்தைக்கு அது பொதுவாகத் தேவைப்படாது.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். முகவாதம் என்றாலே, 1821இல் முக நரம்பை விவரித்த சார்லஸ் பெல்லின் பெயரிலுள்ள பெல் வாதம் என்று எழுதி, ஸ்டீராய்டு கொடுத்து அனுப்புகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. காரணம் தெரியாத முகவாதத்துக்கு மட்டும் உரிய பெயர் அது. காரணத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும். பாஸ்டனில் ஒரு குழந்தைகள் அவசரப் பிரிவில் நடந்த ஆய்வில் முகவாதத்தோடு வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு லைம் நோய் இருந்தது. ஜூன் முதல் அக்டோபர் வரையிலான காலம், காய்ச்சல், தலைவலி ஆகியவை அதைச் சுட்டின. உண்மையான பெல் வாதத்திலும் குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு பெரிய பலன் தரவில்லை என்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. ஸ்டீராய்டு பெறாத குழந்தைகளும் ஆறு மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லோரும் குணமானார்கள். ஆகவே, “இது லைம் இல்லை என்று எப்படித் தெரிந்தது டாக்டர்?” என்று கேட்பது உங்கள் உரிமை.

மருந்தும் கண்ணும்

லைம் முகவாதத்துக்கு டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பார்கள், வாய்வழியாக, இரண்டு முதல் மூன்று வாரம். “எட்டு வயதுக்குள் கொடுத்தால் பல் மஞ்சளாகிவிடுமாமே” என்று ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் சொல்வார்கள். அந்த எச்சரிக்கை இதே குடும்பத்துப் பழைய மருந்தான டெட்ராசைக்ளினைப் பார்த்து எழுதப்பட்டது. டாக்ஸிசைக்ளின் கால்சியத்தோடு அவ்வளவாக ஒட்டுவதில்லை. குறுகிய காலத்துக்கு எந்த வயதுக் குழந்தைக்கும் இதைக் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2018 முதல் சொல்கிறது. தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் நோய்க்கும் இதே மருந்தைத்தான் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அது வேறு பூச்சி, வேறு கிருமி, கடித்த இடத்தில் கருகிய பொருக்கு இருக்கும். அண்மையில் ஊருக்குப் போய்வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு கொடுங்கள். கொடுத்தவுடன் படுக்க வைக்காதீர்கள். அந்த நேரத்தில் பாலும் தயிரும் வேண்டாம், இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம். வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றும். முழுக்கைச் சட்டை போடுங்கள். முதல் 24 மணி நேரத்தில் காய்ச்சல் ஏறி, தடம் இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தால், கிருமிகள் சாகும்போது உடல் காட்டும் எதிர்வினையாக அது இருக்கலாம். மருத்துவருக்குத் தெரிவியுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்.

மருந்தைவிடக் கண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். மூடாத கண் காய்ந்துபோகும். காய்ந்த கருவிழியில் புண் வந்தால் பார்வை போகும். முகம் தானாகச் சரியாகிவிடும், அந்தத் தழும்பு சரியாகாது. பகலில் விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. இரவில் கண் களிம்பு போட்டு, விரலால் இமையை மெல்ல இறக்கி, காகித டேப்பால் ஒட்டுங்கள். டேப் கருவிழியைத் தொடவே கூடாது. எப்படி ஒட்டுவது என்று செவிலியரை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி, அவர் முன்னாலேயே நீங்களும் செய்து பாருங்கள். கண் சிவந்தாலோ வலித்தாலோ அன்றே காட்டுங்கள்.

முகத்தில் சூடான ஒத்தடம், மின்சாரம் வைத்துத் தூண்டும் கருவி, எரியும் தைலம் எதுவும் வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் முகம் திரும்பத் தொடங்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். நரம்பு தன் வேகத்தில்தான் ஆறும். மருந்து கொடுப்பது கிருமி மூட்டுக்கும் மற்ற இடங்களுக்கும் போகாமல் தடுக்க. அந்த நாலரை வயதுப் பெண்ணுக்கு ஐந்தாம் வாரத்தில் கண் முழுதாக மூடியது. தூங்கும் குழந்தையின் இரண்டு கண்ணும் ஒன்றுபோல மூடியிருக்கும் படத்தை அவளுடைய அப்பா எனக்கு அனுப்பினார்.

இன்று மாலையிலிருந்தே

தோட்டத்திலோ பூங்காவிலோ விளையாடிவிட்டு வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிக்க வையுங்கள். மேலே சொன்ன மடிப்புகளையெல்லாம் விரல் நுனியால் தடவிப் பாருங்கள்; கசகசா அளவு உண்ணியைக் கண்ணைவிட விரல் முதலில் கண்டுபிடிக்கும். துணிகளை உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட விடுங்கள்.

உண்ணி ஒட்டியிருந்தால், கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, முறுக்காமல், சீராக மேல்நோக்கி இழுங்கள். நெருப்பு வைப்பது, மண்ணெண்ணெய், நகப்பூச்சு, வேப்பெண்ணெய் எதுவும் கூடாது. அது இன்னும் அதிகமாகக் கக்கிவிட்டுத்தான் சாகும். எடுத்ததை ஒரு சின்ன உறையில் போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு நாளுக்கும் குறைவாக ஒட்டியிருந்த உண்ணி இந்த நோயைக் கொடுப்பது அரிது. 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்த மான் உண்ணியாக இருந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் கொடுத்து நோயைத் தடுக்கலாம். உடனே மருத்துவரை அழையுங்கள். எத்தனை நேரம் ஒட்டியிருந்தது என்று தெரியாவிட்டால் உறையோடு போங்கள். வயிறு தட்டையாக இருக்கிறதா, இரத்தம் குடித்து உப்பியிருக்கிறதா என்று பார்த்தே அவர்கள் ஓரளவு சொல்லிவிடுவார்கள்.

அடுத்த 30 நாளுக்கு, குளிப்பாட்டும்போது அந்த இடத்தைத் தினமும் பாருங்கள்.